தலைப்பில் எழுதுகிறவன்

குலசேகரத்தில் ஐப்பசி என்றால்
மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்பக் கூடாது.
முதல் இடிக்கு முன்னாலேயே
மோடத்தின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன்.
யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள்.
போன வருடம் அதுதான் முதலில் கருகியது.

ரப்பர் ஷீட் எடுக்கிற கடை எங்களுக்கு.
வந்த ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன்.
குமிழ் தெரியும், பூஞ்சை தெரியும்,
உள்ளே காயாத வெள்ளைத் திட்டு தெரியும்.
மெயிலையும் அப்படித் தூக்கிப் பிடிக்கப் பழகினேன்.
மேலே நிற்கும் பெயரை விட்டுவிட்டு
அதன் பின்னால் ஒளிந்திருக்கும் முகவரியைப் பார்ப்பேன்.
ஒருமுறை பாங்கின் பெயருக்குள்
எல் நிற்கவேண்டிய இடத்தில்
எண் ஒன்று நின்றிருந்தது,
காய்ந்த கட்டுக்குள் செருகிய ஈர ஷீட் மாதிரி.
தொடாமல் அழித்தேன்.

ஒரே நாளில் வந்த புத்தி இல்லை இது.
அரிசி டப்பா மூடியின் உள்பக்கம்
கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்தவள்தான் நான்.
சபை ஆண்டுவிழா அழைப்பை
நாற்பத்திமூன்று பேருக்கு ஒரே வரிசையில் அனுப்பினேன்.
ஜஸ்டின்தாஸ் 'எல்லோருக்கும் பதில்' அழுத்தி
செபமணியோடுள்ள வரப்புச் சண்டையை
நாற்பத்திமூன்று வீட்டுக்கும் எழுதினான்.
அன்று ராத்திரிதான்
பிசிசி என்றொரு கட்டம் இருப்பதைத் தேடிக் கண்டேன்.

தம்பி ரசல் பஹ்ரைனில் ஏசி மெக்கானிக்.
அவன் மெயிலுக்கு உடலே கிடையாது.
சொல்லவேண்டியது எல்லாம் தலைப்பில்.
'அக்கா ரூவா போட்டாச்சு பாத்துக்க'
'இங்க சூடு தாங்கல எளவு'
'மரச்சீனி பிடுங்கண்டாம் மாசியில வாறேன்'
திறந்தால் வெறும் வெள்ளை.
கீழ எழுதக் கட்டம் இருக்குல்லாலே என்று திட்டுவேன்.
தொறக்காமலே படிச்சிரலாம்லா என்பான்.

மாசிக்கு முன்னாலேயே வந்தான்,
பெட்டியில்.
மரச்சீனி மண்ணிலேயே முற்றி நார் விட்டது.

இரண்டு வருடம் கழித்து, போன புதன்கிழமை,
அவன் பெயரில் ஒரு மெயில்.
முகவரியைத் தூக்கிப் பிடித்தேன்.
ஓர் எழுத்து பிசகவில்லை.
அவனுடையதேதான்.

தலைப்பு: அவசரம்.
உள்ளே ஏழு வரி.
அன்புள்ள என்று தொடங்கி
பை பறிபோனது, ஓட்டலில் சிக்கியிருக்கிறேன்,
இந்தக் கணக்கில் எழுபதாயிரம்,
போனில் கூப்பிட வேண்டாம்.

உடலோடு வந்திருந்தது கடிதம்.
அதில் தெரிந்தது
அவன் இல்லை என்று.

பதில் பொத்தான் மேல்
அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது.
அதை மறைக்க மாட்டேன்.

பிறகு அவன் கணக்கின் வாசலுக்குப் போய்
'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினேன்.
போனைத் தொலைப்பதே வேலை அவனுக்கு,
அதனால் மீட்பு எண்ணாக என் நம்பர்.
திருடன் அதை மாற்றச் சோம்பியிருந்தான்.
ஆறு இலக்கம் என் கைக்கு வந்தது.
யாரிடமும் சொல்லக் கூடாத ஆறு இலக்கம்.

சம்பந்தமில்லாத நாலு சொல்லைக் கோத்து
நீளமாய்ப் புதுப் பூட்டு.
அதன்மேல் இரண்டாம் பூட்டு.
எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்று என்றேன்.
எங்கோ ஒரு திரை அவனைத் துப்பியிருக்கும்.
கணக்கையே மூடிவிடு என்றார் வீட்டுக்காரர்.
நாளைக்கு என்றேன்.
இன்னும் நாளைக்குத்தான்.

அனுப்பியவை பெட்டியில் நூற்றிப் பன்னிரண்டு பேர்.
கம்பெனி போர்மேன், திற்பரப்பு டென்னிஸ்,
டுட்டோரியல் வாத்தியார்,
எனக்குத் தெரியாத ஷீபா ஒருத்தி.
எல்லோரையும் பிசிசியில் போட்டேன்.
பேச்சிப்பாறைப் பக்கம் கறுத்துவிட்டது.
தலைப்பில் எழுதினேன்:
'ரசலுக்க அக்கா எழுதுறேன் ரூவா கேட்டது அவன் இல்ல ஒண்ணும் அனுப்பண்டாம்'
கீழே கட்டத்தை
அப்படியே விட்டேன்.

வயரைப் பிடுங்கக் குனிந்தபோது
ஒரு பதில் வந்து விழுந்தது.
ஷீபா.
திறந்தேன்.
வெறும் வெள்ளை.

இடி இடித்தது.
வயரை விட்டுவிட்டு
தலைப்பைப் பார்க்க நிமிர்ந்தேன்.